எந்தக் கையால? பக்கவாதத்துக்கு அப்புறம் பூ கட்டுறத விட்ட ஒரு அம்மா: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதுல வர்ற அம்மாவுக்கு 56 வயசு, திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்த மாத்திருக்கேன், எழுதுனத அவங்களுக்கு படிச்சுக் காட்டி சரின்னு சொன்ன பிறகுதான் வெளிய விடுறேன். வீட்டுக்காரர் இல்ல. மகன் லோடு வண்டி ஓட்டுறார், மருமக, ஒரு பேத்தி.

சின்ன வயசுலேர்ந்து பூ கட்டுறவங்க. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சது எல்லாருக்கும் தெரியும், அந்தப் பூவ கட்டுற கைகள் பெரும்பாலும் இந்த மாதிரி கிராமத்து திண்ணையிலதான் இருக்கு. வியாபாரி மாட்டுத்தாவணி மார்க்கெட்ல எடுத்த உதிரிப்பூவ வீட்டு வீட்டுக்கு எடை போட்டு குடுத்துட்டு போவார், சாயங்காலத்துக்குள்ள கட்டி வச்சிரணும், கூலி எடைக்கு. அது போக செவ்வாய், வெள்ளி தெரு அம்மன் கோயிலுக்கு காசு வாங்காம கட்டிக் குடுப்பாங்க. வருசக்கணக்கா அது அவங்க பொறுப்பு, தெருவுல அவங்களுக்கு இருந்த மரியாதையில பாதி அதுல வந்ததுதான்.

பூ கட்டுறப்ப கை என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், பின்னாடி வேணும். இடது கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நூல் இருக்கும், அது மேல ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பு எதிரெதிரா. வலது கை நூல வளைச்சு சுத்தி இழுக்கும். இடது கை சும்மா பிடிச்சிருக்குற மாதிரிதான் தெரியும், ஆனா எவ்ளோ அழுத்தணும் எப்ப விடணும்னு முடிவு பண்றது அந்த ரெண்டு விரல்தான், கொஞ்சம் கூடுனா மொட்டு நசுங்கும், கொறஞ்சா சரம் தொளதொளன்னு ஆயிரும்.

ஆவணி மாசம் ஒரு காலையில வாய் கோணி இடது கை, கால் ரெண்டும் விழுந்துருச்சு. பிரஷர் மாத்திரைய பாதியில விட்டிருந்தாங்க. மகன் லோடுக்கு போயிருந்தார், அவர் வந்து தூக்கிட்டு போறதுக்குள்ள நாலரை மணி நேரம் தாண்டிருச்சு, ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போடுறதுக்கு உண்டான நேரம் அதோட போச்சு. ஸ்கேன்ல மூளையோட வலது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. பேச்சு நல்லா இருந்தது, ஞாபகமும் கொறையல.

டிஸ்சார்ஜ் ஃபைல்ல இருந்தது

பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைய திரும்ப செய்யப் பழக்குறது) ரெண்டும் நடந்தது. பார்தெல் இண்டெக்ஸ்ல சேரும்போது 35, கிளம்பும்போது 85. இது ஒருத்தர் தன் வேலைய தானே எவ்ளோ செஞ்சுக்கிறார்னு பாக்க 1965ல மஹோனி, பார்தெல்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல வெளியிட்ட அளவுகோல். சாப்பிடுறது, குளிக்கிறது, டிரஸ் போடுறது, நடக்குறதுன்னு 10 விஷயம், மொத்தம் 100. டாய்லெட் விஷயத்துக்கு 0, 5, 10னு மூணே நிலை, ஆள் உதவி இல்லாம போயி வந்து கழுவி உடுத்திக்கிட்டா 10. இவங்களுக்கு 10 போட்டிருந்தது.

அந்த 10 தப்பில்ல. இடது கையில மொத்தமா ஒரு பொருள பிடிக்கிற பிடி திரும்பிருந்தது, அதனால தண்ணி மக்க இடது கையில பிடிச்சு ஊத்தி வலது கையால கழுவிக்கிட்டாங்க. யார் உதவியும் இல்ல. ஃபைல்ல "இடது கைய தினசரி வேலையில பயன்படுத்துறார்"னு பாராட்டாவே எழுதிருந்தது. விரல் நுனியில உணர்ச்சி கம்மி, கண்ண மூடிக்கிட்டா கையில இருக்குறது சாவியா காசான்னு சொல்ல முடியலைன்னும் இருந்தது. "ஸ்பூனில் தானாகச் சாப்பிடுகிறார்"னு ஒரு வரி. பூ கட்டுறத பத்தி ஒரே ஒரு வார்த்தை, தொழில் கட்டத்துல.

முதல் பேட்டி

தை மாசம். ஆக்குபேஷனல் தெரபியில முதுநிலை படிக்கிற ஒரு பொண்ணு, வீட்டுக்குப் போன நோயாளிங்க தாங்க எடுத்துக்கிட்ட தெரபிய பத்தி என்ன நெனைக்கிறாங்கன்னு ஆய்வு பண்ணிட்டு இருந்தா. நெறிமுறைக் குழு அனுமதி, தமிழ்ல சம்மதப் படிவம் எல்லாம் முறையா இருந்தது. வைத்தியம் பாத்தவங்களே போயி "எப்படி பாத்தோம்?"னு கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்கன்னுதான் சம்பந்தமில்லாத ஆள் போகணும்னு முடிவு பண்ணிருந்தோம். நான் வேற யூனிட் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஆய்வுக்கு வழிகாட்டுனவங்கள்ல ஒருத்தி.

முதல் பேட்டி நடு வீட்டுல நடந்தது, மருமக, பேத்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சுத்தி உக்காந்திருக்க. "எல்லாரும் தங்கமா பாத்துக்கிட்டாங்க தாயி, ஒரு கொற சொல்ல முடியாது." எழுதி எடுத்துப் பாத்தா பதில்ல பாதிக்கு மேல மருமக குரல்தான். "அத்தைக்கு இப்ப எல்லாம் பரவால்ல, ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல, உக்காந்து சாப்பிட்டா போதும்னு சொல்லிட்டோம்." மருமக பாசமாதான் சொல்லுச்சு, அதுல சந்தேகமில்ல.

சி.ஓ.பி.எம்.னு ஒரு கனடா நாட்டு பேட்டி முறை இருக்கு, 1990கள் தொடக்கத்துலேர்ந்து எங்க தொழில்ல புழக்கத்துல இருக்கறது. முக்கியமான பிரச்சனை எதுன்னு நோயாளியே சொல்லணும், அத எவ்ளோ நல்லா செய்யிறோம், அதுல எவ்ளோ திருப்தின்னு 1லேர்ந்து 10க்குள்ள அவங்களே மார்க் போடணும். பின்னாடி திரும்ப கேக்குறப்ப 2 புள்ளி கூடிருந்தா உருப்படியான முன்னேற்றம்னு எடுத்துக்குவாங்க. நல்ல கருவி, நானே பயன்படுத்துறேன். ஆனா இந்தம்மா "நீங்களே பாத்து போட்டுக்கங்க தாயி, நான் என்னத்த கண்டேன்"னுட்டாங்க, வற்புறுத்துனதும் எல்லாத்துக்கும் 10. பூ கட்டுறத கேட்டதுக்கு "கை வரல, விட்டுட்டேன்", அவ்ளோதான்.

மாணவி குறிப்பு நோட்டுல ஓரமா ஒண்ணு எழுதிருந்தா. பேசிக்கிட்டே இருக்கும்போது பேத்தி பாவாடையில தொங்குன ஒரு நூல அந்தம்மா இடது கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பிடிச்சு இழுத்தாங்க. மெதுவாதான், கண்ணால பாத்துதான், ஆனா பிடிச்சாங்க. கை வரலன்னு சொன்ன கை அது. அதனாலதான் இன்னொரு தடவ போகச் சொன்னேன்.

ரெண்டாவது பேட்டி

பங்குனி. மார்கழி, தையில பனியால பூவே வராம வெல எங்கயோ போயிருக்கும், பங்குனியில வரத்து கொட்ட ஆரம்பிச்சிரும், திண்ணையெல்லாம் ஈரத்துணி போட்ட பூக்கூடைதான். மத்தியானம் மருமக ரேஷன் கடைக்கு போன நேரத்துல பக்கத்து வீட்டு திண்ணையில பொம்பளைங்க கட்டிட்டு இருந்தாங்க, இந்தம்மாவும் ஒரு ஸ்டூல்ல. மாணவி நோட்ட பையில வச்சிட்டு தானும் கட்டுறேன்னு உக்காந்தா. அவளுக்கு வரல.

"இறுக்காத தாயி, காம்பு ஒடிஞ்சா பொழுது சாயிறதுக்குள்ள பழுத்துரும்."

"எப்படின்னு ஒரு கண்ணி கட்டிக் காட்டுங்களேம்மா."

"சொல்றேன்ல, கேட்டு கட்டு."

வாயால அவ்ளோ அருமையா சொல்லிக் குடுத்தாங்க, ஆனா கை முந்தானைக்குள்ள. இடது கை இல்ல, வலது கை. நல்லா இருக்குற கை. கொஞ்ச நேரத்துல ஒருத்தர், "யக்கா, அந்தக் கூடைய இங்கிட்டு நகட்டுங்க, அது கோயிலுக்கு"ன்னாங்க. கூடை அவங்க வலது பக்கம், எட்டுற தூரத்துலதான் இருந்தது. அவங்க அசையல, பேத்திய கூப்பிட்டு நகட்டச் சொன்னாங்க.

மாணவி அங்க ஒண்ணும் கேக்கல. அந்தப் பொறுமைக்கு அவள பாராட்டணும். பின்னாடி கொல்லைப் பக்கம் ரெண்டு பேரும் தனியா நின்னப்ப அந்தம்மாவே ஆரம்பிச்சாங்க: "இந்தக் கையாலதான் தாயி இப்ப கழுவுறது. இதாலயே சாமிக்கு பூ தொடவா? சோத்துல கூட கைய வைக்கப் பிடிக்காமத்தான் கரண்டிய வச்சு திங்கிறேன்."

அதுக்கப்புறம் வந்ததெல்லாம் ஒரே மூச்சுல வந்துச்சு, ராத்திரி சாப்பாட்ட நிறுத்திட்டாங்க, தண்ணிய கொறச்சிட்டாங்க, ரெண்டும் கொல்லைக்கு போறத கொறைக்கத்தான், பேத்திக்கு சோறு ஊட்டுறதில்ல, வெள்ளிக்கிழமை கோயில் பக்கம் போறதில்ல, கேட்டா கால் வலின்னு சொல்லிர்றாங்க, மருமககிட்ட எப்படி இத சொல்றது, மகன்கிட்ட சொல்லவே முடியாது. ஆஸ்பத்திரியில கட்டைய எடுத்து எடுத்து குழியில வைக்கச் சொன்னது "பச்சப்புள்ள வெளையாட்டு" மாதிரி இருந்துச்சாம், அப்பவும் சிரிச்சுக்கிட்டே செஞ்சிருக்காங்க. குடுத்து விட்ட கைப்பட்டையை அரிசி டிரம்முக்கு பின்னாடி வச்சிருந்தாங்க, பூ வியாபாரி பாத்தா இனி இந்த வீட்டுக்கு பூ போட மாட்டார்னு பயம்.

எடுத்த முடிவுகள்

முதல் சிக்கல் ஆய்வு நெறிமுறை. அவங்க இத சொன்னது ஒரு ஆராய்ச்சி பண்ற பொண்ணுகிட்ட, வைத்தியம் பண்றவங்ககிட்ட இல்ல. சம்மதப் படிவத்துல ரகசியம் காப்போம்னு கையெழுத்து வாங்கிருக்கோம். நல்லதுக்குதானேன்னு நேரா தெரபி டீமுக்கு கொண்டு போயிருந்தா அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமே இல்ல. மாணவி திரும்பப் போயி, சொல்லலாமா, யார்கிட்ட சொல்லலாம்னு கேட்டா. "பொம்பள டாக்டரா இருந்தா சொல்லு, என் மருமகளுக்கு வேணாம்." அப்படித்தான் கேஸ் என்கிட்ட வந்தது. ரெண்டு பேட்டியும் ஆய்வுக்கு அப்படியே இருக்கட்டும், சிகிச்சை ஆரம்பிச்ச பிறகு அவங்க சொல்றத ஆய்வுல சேக்குறதில்லைன்னும் முடிவு பண்ணோம்.

ரெண்டாவது, அவங்க நம்பிக்கையோட வாதாடுறதில்ல. எங்க டீம் கூட்டத்துல ஒருத்தர் "சோப்பு போட்டு கழுவுனா சுத்தம்தானே, புரிய வச்சா போதும்"னார். சோப்பு அந்தம்மாவுக்கு தெரியாததா? நாம எல்லாரும் எந்தக் கையால சாப்பிடுறோம்? புரிய வைக்கிறேன்னு போனா இன்னொரு தடவ சிரிச்சுக்கிட்டே தலையாட்டிருப்பாங்க, விஷயம் அதோட முடிஞ்சிருக்கும்.

மூணாவது, வரிசை. கை வேலை செய்யிற அளவ பாத்தா பூவுலதான் ஆரம்பிக்கத் தோணும். ஆனா கழுவுறது மாறாம பூவ தொட மாட்டாங்க, அதனால கொல்லைதான் முதல்ல.

மார்க் போடுற முறையையும் மாத்துனோம். "முன்ன இருந்தது முழு ரூவான்னா இப்ப எவ்ளோம்மா?"ன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல. கழுவுறது நாலணா. பேத்திக்கு ஊட்டுறது, அதுவும் நாலணா. கோயில் பூ? "ஓட்டக் காலணா." மனசுக்கு எப்படி இருக்குன்னதுக்கு "செல்லாக்காசு"ன்னு சிரிச்சாங்க. இது யாரும் சோதிச்சு அங்கீகரிச்ச அளவுகோல் கிடையாது, சி.ஓ.பி.எம். மார்க்குக்கு பதிலா இத ஆய்வுக் கட்டுரையில போட முடியாது. ஆனா எல்லாத்துக்கும் 10 போட்டவங்க இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெல சொன்னாங்க.

கொல்லையில நடந்த வேலை

கக்கூஸ் அரசாங்க உதவியில கட்டுனது, இந்தியன் பேசின், உள்ள குழாய் இல்ல, வாளியும் மக்கும். மேல டேங்க் இல்லாததால ஹேண்ட் ஷவர் யோசனை உடனே செத்துப் போச்சு, அழுத்தம் வராது. கையுறை வேணாம்னுட்டாங்க: "உறை போட்டாலும் கை அதே கைதானே." தற்காலிகமா, மூக்கு நீளமா இருக்குற பிளாஸ்டிக் பாட்டில் ஒண்ணு, வலது கையால அமுக்குனா தண்ணி பீச்சும், கை படாது. அத ஏத்துக்கிட்டாங்க.

ஆனா அவங்களுக்கு வேண்டியது பழைய மாதிரி, வலது கை ஊத்த இடது கை கழுவணும். அதுக்கு இடது தோள் பின்பக்கமா போகணும், உள்பக்கம் திரும்பணும், மணிக்கட்டு மடங்கணும். இடுப்புல சேலை சொருகுறது, முதுகுக்கு பின்னால துண்ட மாத்துறது, இப்படி துணி உடுத்திக்கிட்டே பழகுனாங்க. வலி வர்ற இடத்துல நிறுத்தணும்னு கண்டிப்பா சொல்லிருந்தோம், பக்கவாதம் வந்த தோள இழுத்தா அது தனி வியாதியா ஆயிரும். விரல்ல உணர்ச்சி கம்மிங்கறதால சுத்தமாச்சான்னு கைக்கு தெரியாது, அதுக்கு தண்ணிய கூட ஊத்தறது, முடிஞ்சதும் ரெண்டு கையையும் சோப்பு போட்டு கண்ணால பாத்து கழுவுறதுன்னு ஒரு வழக்கம்.

இதுல எதிர்பாராம நின்ன தடை, உக்கார்ற சேர். கீழ உக்கார முடியாததால ஓட்டை வச்ச பிளாஸ்டிக் சேர் ஒண்ணு பேசினுக்கு மேல போட்டிருந்தாங்க, அந்த ஓட்டைய சுத்தி முழு வட்டமா விளிம்பு. இடது கை எந்தக் கோணத்துல போனாலும் விளிம்பு இடிக்குது. தோள் எவ்ளோ பழகுனாலும் அந்த சேர்ல உக்காந்து கழுவ முடியாது. கையப் பத்தி பக்கம் பக்கமா எழுதுன ஃபைல்ல இந்த சேர் எங்கயுமே இல்ல, ஏன்னா அது வீட்டுல இருக்கு, ஃபைல் ஆஸ்பத்திரியில இருக்கு. ஊர் வெல்டிங் பட்டறையில இரும்புக் குழாய்ல ஒரு ஸ்டூல் அடிச்சோம், இடது பக்கம் திறந்து லாடம் மாதிரி, வலது பக்கம் பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி. காலுக்கு ரப்பர் புஷ். பட்டறைக்காரர் எதுக்குன்னு கேக்கவே இல்ல, அளவ மட்டும் ரெண்டு தடவ சரி பாத்துக்கிட்டார்.

மகன்கிட்ட சேர் வழுக்குது, விழுந்துருவாங்கன்னு மட்டும் சொன்னோம். அது உண்மையும் கூட.

பூ

சித்திரை பாதியில அவங்களே ஆரம்பிச்சாங்க, நாங்க சொல்லல. மல்லிய உடனே தொடல. மரிக்கொழுந்துல பழகுனாங்க, தண்டு கெட்டி, நசுங்குனாலும் நஷ்டமில்ல. இடது விரல் பலமா பிடிக்கிறதுதான் பிரச்சனை, உணர்ச்சி இல்லாத விரல் பொருள் விழுந்துருமோன்னு தேவைக்கு மேல அழுத்தும். நூல் நுனிய ஒரு பலகையில கிளிப் போட்டு நிறுத்திட்டோம், இடது கைக்கு பாரம் கொறஞ்சது, முடிச்ச மட்டும் பிடிச்சா போதும். பழகுன வரிசை: பஞ்சு, மரிக்கொழுந்து, அப்புறம் வாடுன மல்லி, அப்புறம் நல்ல மல்லி. ஒவ்வொரு கண்ணியையும் கண்ணால பாத்து கட்டுறாங்க, முன்ன பாக்காமலே கட்டுனவங்க.

வேகம் வரல. எடைக்குத்தான் கூலிங்கறப்ப அது சின்ன விஷயமில்ல. வியாபாரி பூ குடுக்குறார், ஆனா முன்ன குடுத்ததுல பாதிக்கும் கம்மி. மொட்ட ரெண்டு ரெண்டா காம்பு பாத்து அடுக்கிக் குடுக்குற வேலைய பக்கத்து வீட்டம்மாவோட பங்கு போட்டு செய்யிறாங்க, அது அவங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்ட ஏற்பாடு, எங்க ஆக்குபேஷனல் தெரபி பாடத்துல வராதது.

என்ன ஆச்சு

ராத்திரி சாப்பாடு திரும்ப ஆரம்பிச்சாச்சு. கையால சாப்பிடுறாங்க. பேத்திக்கு ஊட்டுறாங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ரெண்டு முழம் கட்டிக் குடுக்குறாங்க, முன்ன குடுத்த அளவு இல்ல. ரூவாக் கணக்குல திரும்பக் கேட்டதுக்கு கழுவுறது முக்கா ரூவா, ஊட்டுறது முழு ரூவா, கோயில் பூ எட்டணா, கூலிப் பூ "நாலணா கூட தேறாது". பார்தெல் இண்டெக்ஸ் இன்னொரு தடவ போட்டுப் பாத்தோம். டாய்லெட் அன்னைக்கும் 10, இன்னைக்கும் 10. மொத்தமும் அதே 85.

மருமகளுக்கு இப்பவும் காரணம் தெரியாது, அல்லது தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்குறாங்க, ஸ்டூல் வந்த மறுநாளே கக்கூஸ் வாசல்ல சோப்பு டப்பா ஒண்ண ஆணி அடிச்சு மாட்டுனது அவங்கதான்.

இனி மாத்துறது

எங்க சேர்க்கைப் படிவத்துல சாப்பிடுறது, கழுவுறது, சாமி கும்பிடுறது மூணுக்கும் "எந்தக் கையால? முன்ன எந்தக் கையால?"னு ஒரு வரி சேத்தாச்சு. இடது கை விழுந்த எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு, ஆம்பளைன்னாலும். இத கேக்குறது அதே பாலினத்து ஆளா இருக்கணும், வீட்டாள் பக்கத்துல இல்லாதப்ப கேக்கணும். வலது கை நல்லா இருக்குற ஒருத்தர் ஸ்பூன்ல சாப்பிடுறார்னா ஏன்னு கேக்கணும். கழுவப் பழக்குறது டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே, வீட்டுல இருக்குற சேர் போட்டோவ மொபைல்ல அனுப்பச் சொல்லி பாத்துட்டு.

ஆய்வுப் பேட்டிக்கு ஒரு தடவ போனா போதாதுன்னு இனி வர்ற மாணவர்களுக்கும் சொல்லிருக்கோம், ரெண்டாவது தடவ அவங்க வேலை பாக்குற நேரத்துல, வேலை பாக்குற எடத்துல. சம்மதப் படிவத்துலயே "நீங்க சொல்றதுல சிகிச்சைக்கு உதவுற விஷயம் இருந்தா உங்ககிட்ட கேட்டுட்டு டீமுக்கு சொல்லலாமா?"ன்னு தனியா ஒரு கேள்வி வைக்கணும், நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் குடுத்திருக்கோம், பதில் வரல. பேட்டிய இன்னொருத்தர் எடுக்கறதுக்கு ஆள் வேணும், அதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம், இருக்குற தெரபிஸ்ட்டுக்கே நோயாளிங்க வரிசையில நிக்கிறாங்க.

இடது தோள்ல இப்ப லேசா வலி சொல்றாங்க, பூ கட்ட ரொம்ப நேரம் குனிஞ்சு உக்கார்றதாலயா, கை பின்னால போறதாலயான்னு பாக்கணும். ஆடியில அம்மன் கோயிலுக்கு பூ வேலை கூடும், அதுக்கு முன்னாடி ரிவ்யூவுக்கு வரச் சொல்லிருக்கேன்.